புளூ மவுண்டனில் கொண்டோ வாங்கலாமா?

கேள்வி (மார்க்கத்திலிருந்து ஒரு வாசகி): எங்களுக்கு ஏழு, பத்து வயதில் இரண்டு பிள்ளைகள். போன மாசியில் ஒன்ராறியோவின் பனிச்சறுக்கு மலையான புளூ மவுண்டனுக்குப் போய் வந்ததிலிருந்து இருவருக்கும் பனிச்சறுக்குப் பைத்தியம். மலையடிக் கிராமத்தில் ஒற்றை அறைக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்று 5 லட்சம் டொலருக்கு விற்பனைக்கு இருக்கிறது. கட்டடப் பராமரிப்புக்கு மாதக் கட்டணம் 900 டொலர். நாங்கள் போகாத நாட்களில் வாடகைக்கு விட்டால் அதன் செலவை அதுவே கட்டிவிடும் என்கிறார் முகவர். குளிர்காலத்தில் இரண்டு சனி ஞாயிறு, மார்ச் விடுமுறையில் ஐந்து இரவு, கோடையில் ஒரு கிழமை போவதாகத் திட்டம். அம்மாவும் எங்களோடு வருவார். வாங்கலாமா?

பதில்: இந்த வருடம் வேண்டாம்.

நீங்கள் எழுதியதை இரவுகளாக எண்ணினேன். நாலு, ஐந்து, ஏழு, மொத்தம் 16. மாதக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 10,800 டொலர். பதினாறால் வகுத்தால் ஓர் இரவுக்கு 675. அடைமானம், சொத்து வரி, காப்புறுதி எதையும் இதில் நான் இன்னும் சேர்க்கவில்லை.

வாடகை வருமே என்பீர்கள். வரும். ஆனால் மார்ச் விடுமுறை, நத்தார், பெப்ரவரியின் குடும்ப தின வாரம் என்று உங்களுக்கு வேண்டிய இரவுகள்தான் ரொறன்ரோ முழுவதற்கும் வேண்டிய இரவுகள். அவற்றில் நீங்கள் படுத்துக்கொண்டால், சம்பாதிக்க மிஞ்சுவது பனியும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மழை தூறும் நவம்பர் செவ்வாய்க்கிழமை. உரிமையாளர்களுக்காக நிர்வாகமே கொண்டோவை வாடகைக்கு விடும் வாடகைத் திட்டத்தின் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். உரிமையாளர் வருடத்துக்கு எத்தனை இரவு தங்கலாம், எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், வாடகையில் நிர்வாகம் எவ்வளவு எடுக்கும் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

அடுத்து வரி. குறுகிய கால வாடகைக்கு ஓடும் இந்தக் கொண்டோக்களுக்கு, பழையதாக இருந்தாலும், விலைக்கு மேல் 13 வீத எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி வருவது வழக்கம். 5 லட்சத்துக்கு 65,000 டொலர். வரிப் பதிவு எடுத்து வாடகைத் திட்டத்தில் சேர்ந்தால் அப்போது கட்டாமல் தள்ளிப்போடலாம். பிறகு உங்கள் சொந்தப் பாவனைக்கு மாற்றினால் வரி வாசலில் வந்து நிற்கும். விளம்பரத்தில் இது கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருக்கும். நில மாற்று வரி இன்னொரு 6,475 டொலர். கிராமச் சங்கத்துக்கும் தனியாகச் சந்தா உண்டு. விற்கும்போது, உங்கள் மார்க்கம் வீட்டைப் பிரதான வீடாக வைத்திருந்தால், கொண்டோவின் இலாபத்துக்கு வரி.

அப்படியும் வாங்குவதென்றால் கட்டடச் சங்கத்தின் நிதி நிலையைச் சொல்லும் சான்றிதழான ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேற்றைச் சட்டத்தரணி பார்த்த பிறகே ஒப்பந்தம் உறுதி என்று நிபந்தனை போடுங்கள். அதற்கு 100 டொலருக்கு மேல் கேட்க முடியாது. புதுக் கட்டடத்துக்கு உள்ள பத்து நாள் மனம் மாறும் உரிமை மறுவிற்பனைக் கொண்டோவுக்கு இல்லை. கிராமத்துக்கு வெளியே வீடு பார்த்தால், 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட நகரசபையின் உரிமம் வேண்டும். எல்லாத் தெருவிலும் கிடைக்காது.

அப்புறம், ஒற்றை அறையில் ஐந்து பேர் என்பதை யோசித்தீர்களா? ஈரக் கையுறையும் காலுறையும் ஹீற்றரில் காய, அம்மா சோபாவில்!

மலையையும் அளந்து பாருங்கள். நயாகரா மலைச்சரிவின் ஒரு விளிம்புதான் அது. உச்சியிலிருந்து அடிவரை சுமார் 220 மீற்றர். ஏழு வயதுக்கு அருமை. பதினைந்து வயதில் அதே பிள்ளை மொன் திரம்பிளானோ பான்ஃபோ என்று பெரிய மலை கேட்கும். கோடை அப்படியில்லை, அது யாருக்கும் அலுக்காது. வசாகாவின் 14 கிலோமீற்றர் மணல் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய ரயில் பாதையில் கொலிங்வூட்டிலிருந்து மீஃபோர்ட் வரை 34 கிலோமீற்றர் சைக்கிள் ஓடலாம். செப்டெம்பரில் தோர்ன்பரிப் பக்கம் அப்பிள். அம்மாவுக்கு இந்தப் பருவம்தான் பிடிக்கும் என்று என் ஊகம்.

இந்த வருடம் வாடகைக்கே போங்கள். பாடசாலைக்கு பி.ஏ. டே (பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லாத நாள்) வரும் திங்களைப் பார்த்து ஞாயிறு இரவு தங்கினால் சனி இரவு விலை இருக்காது. 26ஆம் நெடுஞ்சாலையில் ஜோர்ஜியன் குடாப் பக்கமிருந்து பனிப்புயல் திடீரென்று வரும். பனிக்கால ரயர் போடுங்கள். ஒன்ராறியோவில் அதற்குக் காப்புறுதியில் கழிவு தர வேண்டும் என்பது விதி.

கேள்வி (ஏஜாக்ஸ் வாசகர்): ஒரு மலை விடுதியில் ரைம்ஷெயருக்கு (வருடத்தில் சில நாள் தங்கும் உரிமைக்கு) கையெழுத்து வைத்து ஆறு நாள் ஆகிறது. திரும்ப முடியுமா?

பதில்: முடியும், இன்றைக்கே செய்யுங்கள். ஒன்ராறியோவில் ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து பத்து நாளுக்குள், காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். தொலைபேசியில் பேசாதீர்கள், சமாதானம் சொல்லி நாளைக் கடத்துவார்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நானும் ஒருமுறை இலவசக் காலைச் சாப்பாட்டுக்காக இப்படியொரு கூட்டத்தில் உட்கார்ந்தேன். தொண்ணூறு நிமிடம் என்றவர்கள் மதியம் வரை விடவில்லை.

கேள்வி (ஸ்காபரோ வாசகி): பிள்ளைகளுக்குச் சறுக்குச் சப்பாத்து வளர்ந்தாலும் போடக்கூடியதாகப் பெரிய அளவில் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நேரே நிற்கும்போது விரல் நுனியில் முட்ட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். அளவு அதுதான். தடித்த காலுறை இரண்டு போட்டு நிரப்புவதும் பிழை. மெல்லியது ஒன்று போதும். குளிர்காலம் முழுவதற்குமாக வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன, இலையுதிர் காலத்திலேயே போனால் அளவு கிடைக்கும். தலைக்கவசம் மட்டும் சொந்தமாகப் புதிதாக வாங்குங்கள். கடையில் பிள்ளையின் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். விழும்போது சறுக்குக் கட்டை எவ்வளவு இலகுவாகக் கழல வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் திருகுவார்கள்.