வெப்ப அறை (சோதிக்கும் பொருளைக் குறித்த சூட்டில் வைக்கும் பெட்டி) இல்லாமல் பாலித்தீன் தாளின் இழுவைப் பண்புகளை, அதாவது இழுத்தால் அது எப்படி நீள்கிறது, எவ்வளவு தாங்குகிறது என்பதை, 30 முதல் 70 டிகிரி வரை அளக்க முடியுமா?

முடியும். எம்.எஸ்ஸி. படித்தபோது சாதாரண கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்ததே இதுதான்.

எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். ஒரு தாளடி (இரண்டாம் போக நெல்) அறுவடையில் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு நாலு நாள் காத்துக் கிடந்தோம். கடையில் கிலோ கணக்கில் வாங்கிய கறுப்புத் தாளை, நாலு கழி நட்டு, உச்சி வெயிலில் விறைப்பாக இழுத்துக் கட்டினார் அப்பா. சாயங்காலம் பார்த்தால் நடுவில் தொய்ந்து கிடந்தது. அன்று ராத்திரி மழை. தொய்வில் தண்ணீர் தேங்கியது. ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. தண்ணீர் நின்றாலே 50 கிலோ. முடிச்சுப் பக்கம் கிழிந்து, ஒரு ஓரத்து நெல் முழுக்க நனைந்துவிட்டது. தாள் மட்டம் என்றார்கள் எல்லோரும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

தாளின் விவரக் குறிப்பில் இருக்கும் வலிமை எண் பெரும்பாலும் 23 டிகிரியில் எடுத்தது. வெயிலில் விரித்த கறுப்புத் தாளில் தெர்மோகப்பிளை (வெப்பநிலையை அளக்கும் மெல்லிய கம்பி இணை) ஒட்டிப் பார்த்தேன். காற்று 34 டிகிரிதான், தாள் 60ஐத் தாண்டியிருந்தது. அதனால் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: எங்கே அளந்தாலும் தாளின் சொந்த வெப்பநிலையை அளக்க வேண்டும், சுற்றியுள்ள காற்றினுடையதை அல்ல.

சாதா பாலித்தீன் 110 டிகிரி வாக்கில் உருகும். ஆனால் அதுவரை கெட்டியாக இருந்துவிட்டு ஒரேயடியாக இளகுவதில்லை. அதில் படிகமான பகுதியும் படிகமாகாத பகுதியும் கலந்திருக்கின்றன. படிகமாகாத பகுதியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நம் ஊர் வெப்பத்தில் எப்போதுமே அசைந்துகொண்டுதான் இருக்கும். பாலித்தீனின் கண்ணாடி நிலைமாற்றம், அதாவது அந்த அசைவு நின்று விறைத்துப்போகும் வெப்பநிலை, பூஜ்யத்துக்கு வெகு கீழே. சங்கிலிகளைப் பிடித்து நிறுத்துவது படிகங்கள்தான். சூடு ஏற ஏற மெல்லிய படிகங்கள் முதலில் உருகுகின்றன, பிடி தளர்கிறது.

சரி, கருவி. வெப்ப அறைக்குப் பதில் வெந்நீர். பாலித்தீன் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் இது செல்லும். நைலான் தாளுக்கு இதைச் செய்யாதீர்கள், ஈரமே அதை மென்மையாக்கிவிடும். உயரமான கண்ணாடி அளவுசாடியில் வெந்நீர் ஊற்றி, தாள் பட்டையை மேலே கவ்வித் தொங்கவிட்டு, கீழே பித்தளை எடை மாட்டினேன். எடையும் தண்ணீருக்குள் இருப்பதால் அதன் பாரத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். அதைக் கழிக்க மறக்காதீர்கள்.

பட்டை 1 செ.மீ. அகலம். புது பிளேடு, இரும்பு ஸ்கேல் வைத்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்தாலும் கிழிசல் அங்கேதான் தொடங்கும். தாள் ஆலையில் இழுபட்டு வந்த திசையிலும் குறுக்கிலும் தனித்தனியாக எடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. தடிமனுக்கு மைக்ரோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்: 50 மைக்ரானில் 5 மைக்ரான் தவறினால் தகைவில் (குறுக்குவெட்டுப் பரப்பில் ஓர் அலகுக்கு விழும் விசை) பத்து சதவீதப் பிழை. 10 க்கு 10 செ.மீ. துண்டை எடை போடுங்கள். 0.46 கிராம் இருந்தால், அடர்த்தி 0.92 என்று கொண்டால், சராசரி 50 மைக்ரான். அந்தத் தடிமனில் 100 கிராம் பாரம் சுமார் 2 மெகாபாஸ்கல் தகைவு தரும்.

கவ்வியில் தாள் வழுக்கும் என்பதால், பட்டையில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு மைக்கோடு போட்டு, டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் (அளவுகோலின் மேல் நகரும் நுண்ணோக்கி) அவற்றை மட்டும் படித்தேன். பக்கத்தில் பாரமே இல்லாத இன்னொரு பட்டையும் தொங்கட்டும். தயாரிப்பில் உறைந்துபோன இழுப்பு சூட்டில் விடுபட்டு, சில தாள்கள் தானாகவே சுருங்கும். அதைத் தனியே தெரிந்துகொள்ளாவிட்டால் உங்கள் கணக்கு முழுவதும் தப்பு.

நேரமும் முக்கியம். 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம் என்று படியுங்கள். மெதுவாக இழுப்பதும் சூடாக்கி இழுப்பதும் பாலிமருக்கு (பாலித்தீன் போன்ற நீண்ட சங்கிலிப் பொருளுக்கு) ஏறக்குறைய ஒன்றுதான். 1955-இல் வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்குச் சமன்பாடே தந்தார்கள். ஆனால் அது படிகமற்ற பாலிமருக்கு உரியது. பாலித்தீனில் படிகங்களும் சேர்ந்து மாறுவதால் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தாதீர்கள். எனக்கு இதில் ஒரு மாதம் வீணானது.

அப்புறம், எடையைக் கழற்றி, ஆறவிட்டு, மறுநாள் கோடுகளை மீண்டும் அளங்கள். 30 டிகிரியில் நீண்ட பட்டை பெரும்பாலும் பழைய நீளத்துக்கே வந்துவிட்டது. 60 டிகிரியில் நீண்டது திரும்பவில்லை. அப்பாவுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு அளவுதான். அடுத்த தாளடியில் அவர் மத்தியானம் கட்டியதைப் பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து, மறுபடி இழுத்துக் கட்டினார்.