பாக்டீரியாவுக்கு என்ன அவசரம்?

வணக்கம் சார். நான் ஆய்வு மாணவி. ஒரு மனிதப் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்க முயல்கிறேன். மனித மரபணுவை அப்படியே வைத்தபோது புரதமே வரவில்லை. பிறகு மென்பொருளில் கொடுத்து, எல்லாக் கோடான்களையும் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள்) ஈ.கோலை அதிகம் பயன்படுத்துபவையாக மாற்றி வாங்கினோம். இப்போது ஏராளமாக வருகிறது. ஆனால் அத்தனையும் கரையாத கட்டி. இதைவிட நல்ல மென்பொருள் எது? மரபுக் குறியீடு எல்லா உயிர்களுக்கும் பொது என்றுதானே படித்தோம்? சோர்வாக இருக்கிறது.
– ச.

அன்புள்ள ச.,

சோர்வு புரிகிறது. கட்டியாகவாவது வந்ததே, அதுவே பாதிக் கிணறு.

குறியீடு ஏறக்குறைய பொதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் இருக்கலாம், எதை விரும்புவது என்பது உயிருக்கு உயிர் மாறும். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு ஆறு கோடான்கள். மனித மரபணுக்களில் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் சர்வசாதாரணம். ஈ.கோலையிலோ அவற்றைப் படித்து அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டிஆர்என்ஏ சொற்பம். புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் அங்கே வந்து காத்துக் கிடக்கும். இரண்டு ஏஜிஜி அடுத்தடுத்து வந்தால் மூன்று மூன்றெழுத்தாகப் படிக்கும் சட்டகமே நழுவும். 1977-இல் சொமாடோஸ்டாட்டின் என்ற 14 அமினோ அமில ஹார்மோனை பாக்டீரியாவில் செய்தவர்களுக்கே இந்தக் கவலை இருந்தது. மரபணுவை வேதியியல் முறையில் கட்டும்போது, ஈ.கோலையில் வளரும் எம்எஸ்2 வைரஸ் எந்தக் கோடான்களை விரும்புகிறது என்று பார்த்து எடுத்தார்கள்.

ஆனால் ‘எல்லாக் கோடான்களையும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஏன் எல்லாவற்றையும்? ஈ.கோலை ரைபோசோம் நன்றாக வளரும் நிலையில் விநாடிக்கு 15, 20 அமினோ அமிலங்களைக் கோக்கும். நம் செல்களில் அது ஐந்து, ஆறுதான். ஏற்கெனவே ஓடுகிற ஒன்றை மேலும் விரட்டியிருக்கிறீர்கள். புரதம் ரைபோசோமிலிருந்து வெளிவரும்போதே மடியத் தொடங்குகிறது. முதல் பகுதி மடிந்து முடிக்கச் சில இடங்களில் ஒரு தயக்கம் தேவைப்படலாம். நிறுத்தற்குறிகளை எல்லாம் அடித்துவிட்டு ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால் சொற்கள் சரியாகத்தான் இருக்கும், பொருள் குழம்பும். 2007-இல், செல்லிலிருந்து மருந்தை வெளியேற்றும் பி-கிளைகோபுரதத்தில், அமினோ அமிலத்தை மாற்றாத ஒரு ‘மௌன’ மாற்றமே புரதத்தின் வடிவத்தையும் நடத்தையையும் மாற்றியதாகக் காட்டினார்கள். 2009-இல் ஒளிரும் பச்சைப் புரதத்துக்கு 154 மரபணுக்களை வேறு வேறு கோடான்களில் எழுதிப் பார்த்தார்கள். விளைச்சலில் 250 மடங்கு வரை வித்தியாசம். அதில் பெரும்பங்கு கோடான் விருப்பத்தால் அல்ல, ரைபோசோம் படிக்கும் மரபணு நகலான எம்ஆர்என்ஏவின் தொடக்கப் பகுதி எவ்வளவு இறுக்கமாகச் சுருண்டிருந்தது என்பதால். ‘அதிகம் பயன்படுவதையே எங்கும் போடு’ என்ற விதியை இதற்குப் பிறகும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாமா?

நான் வேலை பழகிய ஆய்வகத்தில் ஒரு சீனியர் இருந்தார். புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் நீலப் பட்டை தடித்து வந்ததும் நாங்கள் குதிப்போம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். “நிறை பாத்தியா?” அவ்வளவுதான். ஒருமுறை பட்டை சரியான இடத்தில், அம்சமாக இருந்தது. மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமானியிலோ பெரிய முகடு ஒன்று, அதற்கு 28 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) குறைவாக இன்னொன்று. ஏஜிஏ வந்த இடத்தில் சில ரைபோசோம்கள் ஆர்ஜினினுக்குப் பதில் லைசினைச் செருகிவிட்டிருந்தன. அந்த வித்தியாசம் ஜெல்லின் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் வாயடைத்து நின்றோம். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

மென்பொருளா? ஏதோ ஒன்று. உங்கள் புரதத்துக்கு டைசல்ஃபைடு பிணைப்பு (இரு கந்தக அணுக்களின் இணைப்பு) உண்டா, சர்க்கரை ஏற வேண்டுமா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஈ.கோலை செல்லின் உட்பகுதியான சைட்டோபிளாசத்தில் அந்தப் பிணைப்பு ஒழுங்காக உருவாகாது. எந்த மென்பொருளும் அதைத் தராது. அதை முதலில் பாருங்கள். பிறகு பழைய மனித மரபணுவையே, அரிய டிஆர்என்ஏக்களைக் கூடுதலாகத் தரும் ஈ.கோலை வகையில் போடுங்கள். வெப்பநிலையை 37-லிருந்து 18-க்கு இறக்கி, மரபணுவை முடுக்கிவிடும் ஐபிடிஜியைக் குறைத்து, இரவு முழுக்க விடுங்கள். அடுத்த கடிதத்தில் ஜெல் படம் மட்டும் அனுப்பினால் பதில் வராது, நிறையும் வேண்டும்.