முதலில் மைக் வாங்குங்கள், கேமரா அப்புறம்

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள் நான், ஆவணப்படம் எடுக்கிறேன், நடுநடுவே கல்யாண வீடியோவும். கேட்டவர்களுக்குத் தெரிந்த வரை பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, இதில் சோறு கிடைக்குமா? வீட்டில் திட்டுகிறார்கள். (தண்டையார்பேட்டை)

ஆவணப்படக் காசில் நான் ஒரு மாத வாடகைகூடக் கட்டியதில்லை தம்பி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, தொண்டு நிறுவனங்களுக்கு ஐந்து நிமிட வீடியோ, அடுத்தவர் படத்துக்கு எடிட்டிங், இதெல்லாம்தான் அடுப்பெரிக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது இல்லையா, அந்த இரண்டு மாதம் என் சொந்தப் படத்துக்கு. ஒன்று மட்டும் கறாராக இருங்கள்: பாதிப் பணம் கைக்கு வராமல் கேமராவை எடுக்காதீர்கள். ஓர் அமைப்பு எனக்கு இரண்டாவது தவணை தர வேண்டியது இன்னும் பாக்கி, அவர்கள் ஆண்டு விழாவில் என் வீடியோ மட்டும் தவறாமல் ஓடுகிறது.

முதல் கேமரா எது வாங்கலாம்? (வியாசர்பாடி)

கையில் இருக்கும் போனே போதும். மைக் வாங்குங்கள். விடிவதற்கு முன் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள், ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின், இன்னொரு பக்கம் லாஞ்சு எஞ்சின், நடுவில் ஏலம் விடுகிறவர் தொண்டை. என் முதல் படத்தில் மீன் விற்கிற ஒரு ஆயா, கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷனைப் பற்றி அந்த இடத்தில் வைத்துத்தான் பேசினார். கேமராவிலேயே இருக்கிற மைக்கை நம்பினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் படம் அருமை, கேட்பதெல்லாம் ஐஸ் மெஷின். அவரை மறுபடி அதே மாதிரி சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காலர் மைக்கை முந்தானையில் சொருகினால் சேலை உரசுகிற சத்தம் விழும், ரவிக்கை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். கடலோரம் என்றால் மைக்குக்கு முடி வைத்த காற்று உறை கட்டாயம். அப்புறம், உப்புக் காற்றில் எடுத்துவிட்டு லென்ஸைத் துடைக்காமல் பையில் போட்டால் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும்.

மீனவர்களிடம் போனால் யாருமே பேச மாட்டேன் என்கிறார்கள். (கல்லூரி மாணவி, பெரம்பூர்)

எந்த நேரத்தில் போனாய்மா? கரைக்கு வந்த ஆள் மீனை இறக்குவாரா, உனக்குப் பேட்டி கொடுப்பாரா? தடைக்காலத்தில் போ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வலை பின்னிக்கொண்டு, படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் பத்து நாள் கேமரா வேண்டாம், டீ குடி, சும்மா இரு. அவர்களாகவே "எங்கம்மா உன் கேமரா?" என்று கேட்பார்கள்.

ட்ரோன் ஷாட் வைக்கலாமா?

துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கிற பக்கம் விளையாட வேண்டாம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. மாடி வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடியில் ஏறி எடுங்கள்.

சென்சார் வேண்டுமா சகோ? எங்கே அனுப்புவது?

தியேட்டரில் போட்டால் வேண்டும், 1952 திரைப்படச் சட்டம் ஆவணப்படத்துக்கும் சேர்த்துத்தான். விழாக்களுக்குத் தனி விலக்கு உண்டு, பெரும்பாலும் விழா நடத்துகிறவர்களே அதை வாங்குவார்கள். மும்பை சர்வதேச ஆவணப்பட விழா 1990லிருந்து நடக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. திருவனந்தபுரம் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு நம்மூரிலிருந்து ராத்திரி ரயிலிலேயே போய்விடலாம், தேர்வாகாவிட்டாலும் பார்வையாளராகப் போங்கள்.

ஹார்டு டிஸ்க் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

மூன்று, அதில் ஒன்று அக்கா வீட்டில். 100 எம்பிபிஎஸ்ஸில் (வினாடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஓடிவிடும். ஒரே டிஸ்க்கில் வைத்து, அது கீழே விழுந்து, இரண்டு வருட வேலை போனதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

எண்ணூர் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எடுத்துவிட்டார்களே? (திருவொற்றியூர்)

2017 ஜனவரியில் எண்ணூருக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஜனங்கள் வாளியில் அள்ளியதை எல்லாரும் எடுத்தோம், நானும்தான். அந்தக் கையை ராத்திரி எதைப் போட்டுக் கழுவினார்கள், எத்தனை நாள் அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை என்று நான் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள்.

படத்தை முதலில் யாருக்குக் காட்டுவீர்கள்?

யாரை எடுத்தேனோ அவர்களுக்கு, அவர்கள் தெருவிலேயே, சுவரில் வேட்டி கட்டி. அந்த ஆயாவும் பேரப்பிள்ளையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "வஞ்சிரம் முந்நூறுக்குப் போச்சுன்னு சொல்ற மாதிரி போட்டிருக்க, அன்னைக்கு அது நானூத்தம்பது" என்றார். எழுத்தில் போட்டிருந்த விலையை அன்றைக்கு ராத்திரியே மாற்றினேன்.