களியும் கறியும் எவ்வளவு? வீட்டில் சமைக்கும் நாய் உணவு: கேள்வி-பதில்

நாய்க்கு வீட்டிலேயே சமைத்துப் போடுவது குறித்துக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வேறு எடை குறிப்பிடாத இடங்களில் என் கணக்கு, 10 கிலோ எடையுள்ள, நோயற்ற, வளர்ந்த நாய்க்கு உரியது. அத்தகைய நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி ஆற்றலும் 27 கிராம் புரதமும் வேண்டும். 20 கிலோ நாய்க்கு இதை இரட்டிப்பாக்கக் கூடாது. ஏறத்தாழ 1000 கலோரி போதும்.

எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது. எடை 10 கிலோ. காலையும் மாலையும் கேழ்வரகுக் களியும், நாளுக்கு ஒரு டம்ளர் பாலும் கொடுக்கிறோம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பதால் வேறு எதுவும் தேவையில்லை என்கிறார்கள். சரிதானா? (பாலக்கோடு)

களி நாய்க்கு ஆகாது என்று சொல்பவர்களை முதலில் மறுத்துவிடுகிறேன். ஓநாயைக் காட்டிலும் மாவுச்சத்தை நன்கு செரிக்கும் மரபணு மாற்றங்கள் நாய்க்கு உண்டு என்பது 2013இல் வெளியான மரபணு ஆய்வில் தெளிவானது. ஆகவே நன்றாக வெந்த களி தாராளமாகச் செரிக்கும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாளுக்கு 150 கிராம் மாவும் 200 மில்லி பாலும் என்று வைத்துக்கொண்டால், ஆற்றல் போதுமான அளவு கிடைத்துவிடும். புரதமோ 17 கிராம் அளவில் நின்றுவிடும். வயிறு நிறைவதால் நாய் பசியோடு அலையாது. ஆனால் தசை மெலிந்து, முடி மங்கி, உதிரத் தொடங்கும். சுண்ணாம்புச் சத்தைப் பொறுத்தவரை, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் இருப்பது உண்மையே என்றாலும், தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அதன் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே மாவை 80 கிராமாகக் குறையுங்கள். அதனுடன் தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறி 150 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, பூசணி அல்லது கேரட் 50 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், அயோடின் கலந்த உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைச் சேர்த்து, அதை இரண்டு வேளைக்குப் பிரித்துக் கொடுங்கள். முட்டை ஓட்டைக் கொதிநீரில் போட்டெடுத்து, உலர்த்தி, மாவாக அரைத்துக் கால் டீஸ்பூன் கலந்தால் கறியில் உள்ள பாஸ்பரசுக்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்து அமையும். புதிய உணவை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இந்த அளவுகூட முழுமையானது அன்று. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுச் சமையலுக்கான 200 செய்முறைகளைச் சோதித்தபோது, 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. துத்தநாகம், வைட்டமின் ஈ, வைட்டமின் டி போன்றவை கறியும் களியும் சேர்ந்தாலும் எளிதில் நிறைவதில்லை. எனவே நாய்களுக்கென்று விற்கும் வைட்டமின்-தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்தே ஆக வேண்டும்.

மூன்று மாத லாப்ரடார் குட்டிக்கு எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் கொடுக்கிறோம். முன்னங்கால்கள் வளைகின்றன. காலை வெயிலில் கட்டச் சொன்னார்கள்; கால்சியம் மாத்திரையும் தொடங்கிவிட்டோம். (காவேரிப்பட்டினம்)

இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் மிகுதி. கால்சியமோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்விரண்டும் ஏறத்தாழ சமமாகவோ கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டிய வயதில் இப்படி அமைந்தால், இரத்தத்தின் கால்சிய அளவைக் காப்பாற்றுவதற்காக உடல் எலும்பையே கரைக்கத் தொடங்குகிறது. அத்தகைய எலும்பு, கட்டிலிலிருந்து குதித்தால்கூட முறியக்கூடும். வழுக்கும் தரையிலும் மாடிப்படியிலும் குட்டியை விடாதீர்கள்.

வெயில் யோசனை மனிதக் குழந்தைக்குப் பொருந்தும். நாயின் தோல் போதிய வைட்டமின் டி-யை உருவாக்குவதில்லை. அது உணவின் வழியாகவே வர வேண்டும். மாத்திரையையும் உங்கள் கணிப்பில் கூட்டாதீர்கள். ஆறு மாதத்திற்குட்பட்ட குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தை வேண்டாமென்று தள்ளும் திறன் குறைவு. பெரிய இனக் குட்டிகளில் அந்த மிகுதியே எலும்பு, மூட்டுக் கோளாறுகளை வருவிக்கிறது. வீட்டு உணவை விரும்பிப் பரிந்துரைப்பவன் நான். ஆயினும் வளரும் லாப்ரடாருக்கு அதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். பெரிய இனக் குட்டிகளுக்கெனத் தயாரித்த உணவை ஒன்றேகால் வயது வரை முதன்மையாகக் கொடுத்து, வீட்டில் சமைத்ததைப் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். எங்கள் நாய் தயிர்சோறு மட்டுமே உண்கிறது. (தருமபுரி)

440 கிராம் சோறும் 100 கிராம் தயிரும் சேர்ந்தால் 600 கலோரி வந்துவிடும். புரதம் 15 கிராம்தான் இருக்கும். முட்டைக்கு வீட்டில் தடையில்லை என்றால், சோற்றை 300 கிராமாகக் குறைத்து இரண்டு முட்டைகளை வேகவைத்துப் பிசைந்து கொடுங்கள். முட்டையும் கூடாது என்றால், 30 கிராம் மீல் மேக்கரை நன்கு வேகவைத்துப் பிழிந்து சேர்க்கலாம்; அதிலேயே 15 கிராம் புரதம் உண்டு. குழைய வெந்த பாசிப்பருப்பும் நல்லது. இவ்வுணவில் தாது உப்பும் பி12-உம் மருந்தாகத்தான் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

ஆட்டுப் பட்டியைக் காக்கும் நாய்களுக்கு, ஆடு அறுக்கும்போது ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகவே போடுகிறோம். தலைமுறையாக இதுதான் வழக்கம். (தேன்கனிக்கோட்டை)

இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டுமென்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்; காரணம், நாயைவிட உங்கள் குழந்தைகள்தாம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் சில வேளைகளில் இருக்கும், அறுப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் ஒரு சென்டிமீட்டர் நீளங்கூட எட்டாத நாடாப்புழுக்கள் வளர்கின்றன. நாயின் மலத்தில் அவை கண்ணுக்குப் படுவதில்லை. நாயும் நலமாகவே தோன்றும். புழுவின் முட்டைகள் நாயின் முடியில் ஒட்டி, தடவிய கையின் வழியாக வாய்க்குள் சென்றால், மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டிகள் ஆண்டுக்கணக்கில் வளரும். அறுவை சிகிச்சை வரை போகும்.

கட்டி இருந்த உறுப்பை எரித்துவிடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். மற்றவற்றை அரை மணி நேரம் கொதிக்கவைத்துப் போடலாம். பிராசிகுவான்டெல் என்னும் நாடாப்புழு மருந்தை நாய்க்கு ஆறு வாரத்திற்கு ஒருமுறை எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும். ஈரலை நாள்தோறும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்துவிடும்; மொத்த உணவில் இருபதில் ஒரு பங்கு போதும்.

சாம்பார் சோறும், மட்டன் குழம்பில் மிஞ்சிய எலும்பும் போடலாமா? (பர்கூர்)

வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் அந்தத் தன்மை போவதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 கிராம் வெங்காயமே பாதிப்பை உண்டாக்கக்கூடும். நாள்தோறும் சிறிதளவாகப் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். ஈறு வெளுத்து, சிறுநீர் செம்பழுப்பாக மாறினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பருப்பு வெந்ததும், வெங்காயமும் புளியும் சேருமுன்னரே நாயின் பங்கை எடுத்து வைப்பது எளிய வழி. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையையும் தவிருங்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் சமைக்கிறோம். ஃபுளோரைடு நாயையும் பாதிக்குமா? (பென்னாகரம்)

பாதிக்கும். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றும்போது அதன் செறிவு கூடவே செய்யும். நீங்கள் குடிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரிலேயே நாய்க்கும் சமையுங்கள். கிண்ணத்திலும் அதையே ஊற்றுங்கள்.

மாம்பழம் கொடுக்கலாமா? (சந்தூர்)

தோல் நீக்கி, சதையில் இரண்டு மூன்று துண்டுகள் கொடுக்கலாம். கொட்டையை மட்டும் எட்டவிடாதீர்கள். விழுங்கிய கொட்டை குடலில் சிக்கினால் நாய் திரும்பத் திரும்ப வாந்தியெடுக்கும், உணவைத் தொடாது, மலம் கழிக்காது. அந்நிலையில் ஒரு நாள்கூடப் பொறுத்துப் பார்க்காமல், ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் செய்யக்கூடிய மருத்துவமனைக்கு நேரே கொண்டுசெல்லுங்கள். மாங்காய்க் காலம் முடியும் வரை, தோப்பில் அவிழ்த்துவிடும் நாய்க்கு வாய்க்கூடு மாட்டிவிடுங்கள். தண்ணீர் குடிக்க இடம் விடும் கம்பிக்கூடாக அது இருக்கட்டும்.