குடிக்கும் உணவுக்கும் தட்டில் இடம் உண்டு

கேள்வி: காலையில் வழக்கமான ரொட்டியும் பீன்ஸ் கறியும் உண்டபின், இரண்டு வாழைப்பழம், ஒரு கோப்பை மாம்பழம், ஒரு தம்ளர் பால், ஒரு மேசைக்கரண்டி தேன், அதே அளவு வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்த ஸ்மூத்தியையும் குடிக்கிறேன். உடல் எடை கூடுவது ஏன்?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் குறிப்பிட்டுள்ள பொருள்களைக் கூட்டினால் ஏறத்தாழ 590 கலோரி வருகிறது, அதாவது, பானம் என்று எண்ணி நீங்கள் அருந்துவது உண்மையில் இன்னொரு முழுக் காலை உணவு. மென்று தின்னும்போது வயிறு நிறைந்த உணர்வு உண்டாக நேரம் கிடைக்கிறது; அரைத்த பழத்தைச் சில நிமிடங்களில் குடித்துவிடுவதால் அந்த நிறைவு அவ்வளவாக ஏற்படுவதில்லை. இரண்டு வாழைப்பழத்தையும் ஒரு கோப்பை மாம்பழத்தையும் ஒரே அமர்வில் நீங்கள் கடித்து உண்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, ரொட்டி உண்ணும் நாளில் ஸ்மூத்தி வேண்டாம். ஸ்மூத்தியே காலை உணவாக இருக்கும் நாளில் பாலும் வேர்க்கடலை வெண்ணெயும் இருக்கட்டும், பழத்தைப் பாதியாக்குங்கள். மாலைச் சிற்றுண்டியாக வேண்டுமானால், அரை வாழைப்பழம், அரைக் கோப்பை மாம்பழம், 100 கிராம் இனிப்பில்லாத தயிர், தண்ணீர் ஆகியவை போதும். ஏறத்தாழ 160 கலோரிதான். தேனை அறவே விடுங்கள், அதுவும் சர்க்கரையே. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை, பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மில்லிலிட்டரைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நம் இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவு மிகுதியாதலால், இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.