மாட்டுக்கும் பன்றிக்கும் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஒரே பிரஷ் போதுமா?

போதாது. மாட்டுக்கு வாங்குவதைப் பன்றிக் கொட்டிலில் மாட்டினால் கடித்தே தீர்த்துவிடும்.

மாடு நாக்கு எட்டாத இடங்களைத்தான் தேய்க்கத் தேடும்: தலை, கழுத்து, முதுகு, வால் அடி. சுழலும் மின் பிரஷ் இதற்கு நல்லது. மாடு முட்டினால் பிரஷ் சுழலும், விலகினால் நிற்கும். வால்மயிர் சிக்கினால் உடனே நிற்கும் அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இதில் சமரசம் வேண்டாம். இதெல்லாம் ஆடம்பரம் என்பவர்களுக்கு ஒன்று: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், புதுத்தீவனத்தை எட்டக் கனமான கதவைத் தள்ளிய அளவுக்கே பிரஷ்ஷுக்காகவும் பசுக்கள் தள்ளின. 2018இல் வெளியான முடிவு அது. மாடு குறைவென்றால் கம்பத்தில் பொருத்தும் சாதாரண பிரஷ்ஷே போதும். நார் நைலானாக இருக்கட்டும். கம்பிநார் தோலைக் கீறும்.

பன்றிக்கு? தடித்த, குட்டை நார், தோள் உயரத்தில், சுவரோடு இறுக்கி. பன்றி வளர வளர உயரத்தையும் மாற்ற வேண்டும்.

அப்புறம், விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது சுகம் இல்லை, சொறியோ பேனோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைக்கும்வரை மற்றவற்றுக்குக் கொடுக்காதீர்கள்.