மாவு அரைக்காத நாளில் ஆடவும்

கேள்வி: அக்கா, சின்ன வயசில் பாண்டிச்சேரி மாமா வீட்டு பிளேஸ்டேஷனில் ஒரு திகில் கேம் பார்த்தேன். பொன்னிற முடிப் பெண் ஒருத்தி கோட்டைக்குள் மெதுவாக நடந்துகொண்டே இருப்பாள். பேர் என்ன? இப்போதும் ஆட முடியுமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பேரே ஒற்றை எழுத்துதான் தம்பி, 'டி' (ஆங்கில D). 1995-ல் ஜப்பானில் வார்ப் கம்பெனியின் கென்ஜி ஈனோ உருவாக்கியது. நீங்கள் பார்த்த பெண் லாரா. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில் டாக்டரான அவள் அப்பா கொத்தாகக் கொலை செய்துவிட்டு உள்ளேயே அடைந்துகிடக்கிறார். தேடிப்போகிற மகள் இன்னொரு உலகத்துக் கோட்டையில் போய் விழுகிறாள்.

இதில் சேவ் கிடையாது, அதாவது ஆடிய வரை சேமித்து வைக்க முடியாது. பாஸும் கிடையாது, நடுவில் நிறுத்திவைக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து. மஞ்சக்குப்பத்தில் நானும் அண்ணனும் இதை ஆடிய கதையைக் கேளுங்கள். லாராவிடம் ஒரு சின்ன முகக்கண்ணாடி உண்டு. மூன்று முறைதான் துப்புக் காட்டும், பிறகு உடைந்துவிடும். அண்ணன் முதல் கால் மணியிலேயே மூன்றையும் தீர்த்துவிட்டான். எப்படியோ தட்டுத்தடுமாறி அப்பா இருக்கிற இடத்தை நெருங்கிவிட்டோம். அந்த நேரம் பார்த்து அம்மா இட்லிக்கு கிரைண்டரைப் போட்டார். டப்! ஃபியூஸ் போச்சு. இருட்டில் அண்ணன் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும். (இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள், மறுக்கிறான்.)

விளையாட்டு என்று பார்த்தால் சுமார்தான். ஒரு கதவுக்குப் போக லாரா எடுத்துக்கொள்ளும் நேரத்தில் காபி போட்டுவிடலாம். ஆனால் ஈனோவின் துணிச்சலுக்காகவே ஆட வேண்டும். கதையின் கோரமான பகுதியைத் தன் ஆட்களிடமே மறைத்தாராம். தணிக்கைக்கு ஒரு 'நல்ல' டிஸ்க்கை அனுப்பிவிட்டு, நேரில் கொண்டுபோக வேண்டி வரட்டும் என்று வேண்டுமென்றே தாமதம் செய்து, அச்சுக்கான டிஸ்க்கை அமெரிக்காவுக்குத் தானே கொண்டுபோய், விமானத்தில் மாற்றிவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அந்தக் கோரம் என்ன என்பதைச் சொல்ல மாட்டேன். கேமுக்குள் ஒளிந்திருக்கும் வண்டுகளைத் தேடிப் பிடியுங்கள், தெரியும்.

2016-ல் கம்ப்யூட்டருக்கு மறுபடி வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் தேடிப் பாருங்கள். சேவ் வசதி இன்றைக்கும் இல்லை. இன்வர்ட்டர் இருந்தால் நல்லது. எதற்கும் வீட்டில் அன்றைக்கு மாவு அரைக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.